மண்வாசனையின் விலை

மண்வாசனை என்ற சொல்லை விமர்சனத்தில் நாம் எல்லோருமே உபயோகித்திருக்கிறோம். நானும் உபயோகித்திருக்கிறேன். ஒரு கதையைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் அகப்படாதபோது இது கைகொடுக்கிறது. சொன்னவனுக்குத் திருப்தி, எழுதியவனுக்குப் பெருமை. அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டுக்கொள்ளவேண்டிய நிர்ப்பந்தம் எனக்கு ஒரு ஒயின் பாட்டிலால் ஏற்பட்டது.

நண்பர் ஒருவரின் மகன் பிரான்ஸில், தூர் நகரத்தில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் தகப்பனாருக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தான். லுவார் நதிக்கரையில், தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வூவ்ரே என்ற ஊரின் வெள்ளை ஒயின். தனியாகக் குடிக்க மனம் வராமல் நண்பர் அதை அம்பத்தூரில் என் வீட்டு மாடி அறைக்கு எடுத்துவந்தார். மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் நாலைந்து பேர் கூடிக் கவிதை வாசிக்கும் அறை அது. எவர்சில்வர் டம்ளர்களில் ஆளுக்கு இரண்டு விரற்கடை ஊற்றினோம். கரிசல் சீமையிலிருந்து வந்தவரும், நான் மிகவும் மதிக்கிறவருமான விமர்சகர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சுண்ணாம்புக்கல் நாக்குல தெரியுது பாருங்க. இதுதான் மண்வாசனை. வேர் எங்க இருக்கோ அங்கதான் ருசி. நம்ம ஆளுங்கள்ல இது உங்க கம்பம் கவிதைகள்ல இருக்கு" என்றார் என்னைப் பார்த்து.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஏதோ திருட்டுத்தனம் இருப்பதாகப் பட்டது. அது என்ன என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் லுவார் பள்ளத்தாக்கைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் படித்ததெல்லாம் நண்பர் கட்சிக்கே சாதகமாக இருந்தது. லுவார் பிரான்ஸின் மிக நீளமான நதி. மத்திய மலைப் பிரதேசத்தில் பிறந்து வடக்கே போய், மேற்கே திரும்பி, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி அட்லாண்டிக்கில் கலக்கிறது. கரை நெடுகத் திராட்சை. ஆனால் ஊருக்கு ஊர் வேறு திராட்சை, வேறு ஒயின். கிழக்கே ஸான்ஸேரில் ஸோவின்யோன் பிளாங். கடல்சிப்பிகள் புதைந்த சுண்ணாம்புக் களியிலும் சக்கிமுக்கிக் கல்லிலும் வளர்கிறது. அந்த ஒயினில் கல்லும் கல்லும் உரசிய வாசனை வருகிறது என்கிறார்கள். நடுவே வூவ்ரேயில் ஷெனின். அங்கே தூஃபோ என்ற மெத்தென்ற சுண்ணாம்புக்கல். அரண்மனைகள் கட்ட அதை வெட்டியெடுத்த குகைகளில் இப்போது ஒயினைச் சேமித்து வைக்கிறார்கள். ஷினோனில் காபர்னே ஃப்ராங் என்ற கறுப்புத் திராட்சை. அதில் சிவப்பு ஒயின். மேற்கே, கடலை நெருங்கிய நாந்த் நகரத்தைச் சுற்றி மெலோன் என்ற திராட்சையிலிருந்து மஸ்கடே; நொதித்து அடங்கிய ஈஸ்ட் வண்டலின்மேலேயே அதை மாதக்கணக்கில் கிடக்கவிடுகிறார்கள். இந்த ஊர்ப்பிடிப்பு முழுவதற்கும் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் சொல் 'தெர்வார்'. மண், சரிவு, வெயில், காற்று எல்லாம் அதில் அடக்கம். நம் மண்வாசனைக்கு இதைவிடப் பொருத்தமான பிரெஞ்சுச் சொல் கிடைக்காது.

ஆனால் மேலே படிக்கப் படிக்க விஷயம் கலைந்துபோயிற்று. திராட்சை வேர் கல்லைக் குடிப்பதில்லை. தண்ணீரில் கரைந்த சில உப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அவை ஒயினில் மிஞ்சும் அளவு நாக்குக்கு எட்டக்கூடியதல்ல. சுண்ணாம்பும் சக்கிமுக்கியும் வாசனையற்றவை. அலெக்ஸ் மால்ட்மன் என்ற நிலவியல் பேராசிரியர் இதை விளக்கி 2018இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மண் செய்வதெல்லாம் தண்ணீரை எவ்வளவு பிடித்துவைப்பது, எவ்வளவு வடியவிடுவது, எவ்வளவு சூட்டைச் சேர்த்துவைப்பது என்பதுதான். நண்பர் நாக்கில் தெரிந்த சுண்ணாம்புக்கல், பெரும்பாலும் ஷெனின் திராட்சையின் புளிப்பு.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. முதல் மழைக்கு மண்ணிலிருந்து எழும் வாசனைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் கிடையாது. 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் பெட்ரிகோர் என்று வைத்தார்கள். அந்த வாசனையில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது அது. அந்த ஜியோஸ்மின் ஒயினில் வந்துவிட்டால், பழம் அழுகியிருக்கிறது என்று அர்த்தம். குற்றம் என்று தள்ளிவிடுவார்கள். நிஜமான மண்வாசனை ஒயினில் ஒரு கேடு.

வேர் என்று நண்பர் சொன்னதும் நிற்கவில்லை. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற சிறு பூச்சி பிரான்ஸின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. மருந்தென்று எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கிப் பழகிய அமெரிக்கக் கொடியின் வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்றும் அப்படித்தான். லுவாரின் பழம்பெருமை பேசும் கொடிகளில் மிகப் பெரும்பாலானவை அந்நிய வேரில் நிற்கின்றன. வேரை வைத்துச் சொந்தம் கொண்டாடுகிறவன் முதலில் அமெரிக்காவுக்குத்தான் வணக்கம் சொல்லவேண்டும்.

இனி என் பள்ளத்தாக்கு. நான் பிறந்தது கம்பத்துக்குப் பக்கத்தில். பன்னீர் திராட்சையை வைத்து நான் எழுதிய கவிதைகளைப் பற்றித்தான் நண்பர் சொன்னார். பன்னீர் என்று ஏன் பெயர்? ரோஜாவின் வாசனையில் உள்ள ஜெரானியால் போன்ற பொருள்கள் அந்தப் பழத்திலும் உண்டு. அது கம்பத்து மண் கொடுத்ததல்ல. மஸ்கட் ஜாதித் திராட்சையின் குணம். எங்கே நட்டாலும் அந்தச் சாயல் வரும். மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். பத்திரிகைகளும் அதையே எழுதுகின்றன. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க், இங்கிலாந்தில் ஸ்நோ என்ற தோட்டக்காரர் இரண்டு ஜாதிகளைக் கலந்து 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உண்டாக்கியது என்று தோட்டக்கலை நூல்கள் சொல்கின்றன. குழந்தை பிறப்பதற்கு முன்பே ஊர்வந்து சேர்ந்துவிட்டது! வம்சாவளிக் கதைகள் எல்லாமே இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

தண்ணீரும் எங்களுடையதாகப் பிறந்ததல்ல. பெரியாறு மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற ஆறு. பென்னிகுவிக் 1895இல் கட்டி முடித்த அணைதான் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக அதைக் கிழக்கே திருப்பியது. ஆக, வெளிநாட்டுக் கொடி, திருப்பிவிட்ட ஆறு. இதற்கு 2023இல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று புவிசார் குறியீடு கிடைத்தது. வூவ்ரேக்கு இதே மாதிரியான உரிமை 1936இல் கிடைத்தது.

இதைக் கேட்டதும், அப்படியானால் மண்வாசனை என்பதே பொய், வியாபாரத் தந்திரம் என்று முடிவுகட்டத் தோன்றும். எனக்கும் ஒரு வாரம் அப்படித் தோன்றியது. நண்பரை மடக்கிவிடலாம் என்ற உற்சாகத்தில் இருந்தேன். ஆனால் அது உண்மையல்ல. வூவ்ரே ஒயின் வூவ்ரேயின் ஒயின்தான். பன்னீர் திராட்சை கம்பத்துப் பழம்தான். இந்தச் சொந்தம் கல்லாலும் வரவில்லை, வேராலும் வரவில்லை, பிறப்பாலும் வரவில்லை. பின் எதனால்?

1709இன் குளிர்காலம் நாந்த் பக்கத்துக் கொடிகளையெல்லாம் கொன்றது. குளிரைத் தாங்கியது மெலோன். மனிதர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை, கொடியை மாற்றிக்கொண்டார்கள். மஸ்கடே என்ற ருசி அந்தப் பிடிவாதத்திலிருந்து வந்தது. வூவ்ரேயில் ஒரே தோட்டத்து ஷெனின், வெயில் நன்றாக அடித்த வருஷம் தேன்போன்ற இனிப்பு ஒயினாகிறது. குளிர்ந்த வருஷம் புளிப்பேறிய ஒயினாகவோ நுரைக்கும் ஒயினாகவோ ஆகிறது. என்ன செய்யலாம் என்று அங்கே மனிதன் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. வருஷம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுப் பிறகு செய்கிறான். 1991 ஏப்ரலிலும் 2021 ஏப்ரலிலும் உறைபனி அடித்துத் துளிர்கள் கருகின. அந்த மாதிரி இரவுகளில் தோட்டத்தில் வரிசை வரிசையாகத் தீ மூட்டிவிட்டு விடியும்வரை காவல் நிற்கிறார்கள்.

கம்பத்தில் பனிக்காலமே இல்லை. அங்கே கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும். இங்கே தூங்குவதே கிடையாது. தூக்கத்துக்குப் பதிலாகக் கத்தி. கவாத்துப் பண்ணினால்தான் கொடி துளிர்த்துப் பூக்கும். கவாத்திலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். தோட்டத்துக்குத் தோட்டம் நாள் மாற்றிக் கவாத்துப் பண்ணுவதால் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு மாதமும் ஏதாவதொரு பந்தலில் பழம் தொங்கும். பிரெஞ்சு ஒயின் பாட்டிலில் வருஷம் அச்சிட்டிருக்கும். எங்கள் பழத்துக்கு வருஷமே கிடையாது. இங்கே மனிதன் மோதுவது குளிரோடு அல்ல. பறிக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடிக்கும். ஈரம் நின்றால் சாம்பல் நோய். எல்லாத் தோட்டமும் ஒரே வாரத்தில் பழுத்தால் விலை விழும்.

மண் ருசியைக் கொடுப்பதில்லை. மண் மறுக்கிறது. இது வராது, அது தாங்காது, இவ்வளவுதான் என்று சொல்கிறது. அந்த மறுப்பை ஏற்றுக்கொண்டு, போகாமல் இருந்து, தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களின் கைகளில்தான் அந்த இடத்துக்கென்று ஒரு ருசி சேர்கிறது. மண்வாசனை என்று நாம் சொல்வது மண்ணின் குணமல்ல. அங்கே இருந்தவர்கள் கொடுத்த விலையின் மிச்சம். விலை என்று சொன்னவுடன் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: யார் கொடுத்தது? வாசனையை எடுத்துக்கொண்டது யார்?

இங்கே என் கணக்கைச் சொல்லியாகவேண்டும். அப்பா 1966இல் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தார். பேட்டை ஆரம்பித்து இரண்டு வருஷம். எனக்கு ஆறு வயது. ஊரில் அவர் பங்குக்கு ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் திராட்சைத் தோட்டம், சித்தப்பா பார்த்துக்கொண்டார். 1971இல் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அப்பா நாலு திராட்சைக் குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கிணற்றடியில் நட்டார். ஒன்று பிழைத்தது. சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல் போட்டார். இராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, தூங்கப் போவதற்கு முன்னால், கத்தியை எடுத்துக்கொண்டு கவாத்துக்கு நிற்பார். கொடி பச்சைப் பசேலென்று படர்ந்தது. காய்த்தது சொற்பம். ஐப்பசி மழையில் இலையெல்லாம் சாம்பல் பூக்கும். பழுத்த இரண்டொரு கொத்தும் கண்ணைச் சுருக்கவைக்கும் புளிப்பு.

"இங்க ஏம்ப்பா இதப் போட்டுக் கஷ்டப்படுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காய்க்கலேன்னா என்னடா, இது எப்படி வருதுன்னு பாக்கறேன்" என்றார்.

அப்போது எனக்கு அது அசட்டுத்தனமாகப் பட்டது. 1989இல் அவர் இறந்தார். 1996இல் ஊர்த் தோட்டத்தில் எங்கள் பங்கை விற்றேன். அந்தப் பணத்தில்தான் மாடி கட்டினேன். தூண் இறக்க இடம் வேண்டியிருந்ததால் கிணற்றடிக் கொடியை வெட்டினேன். கம்பம் கவிதைகள் எல்லாம் அதற்குப் பிறகு, அந்த மாடி அறையில் உட்கார்ந்து எழுதியவை. நண்பர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மண்வாசனை என்று என்னைப் புகழ்ந்ததும் அதே அறையில்தான்.

கவிதைப் புத்தகம் வந்தபோது சித்தப்பா மகனுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவன் இன்னும் தோட்டம்தான் பார்க்கிறான். போனில் கூப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்தபடி சொன்னான்: "அண்ணே, நீங்க வாசத்த எழுதுங்க. மருந்து நான் அடிச்சுக்கறேன்."

கோபத்தில் சொன்னதல்ல. கேலிகூட அல்ல. நடக்கிற வேலைப்பிரிவினையை அவன் அப்படியே சொன்னான். நானும் சிரித்தேன். இப்போது அந்தக் கவிதைகளை எடுத்துப் பார்க்கிறேன். பந்தல் நிழல் இருக்கிறது, பன்னீர் வாசனை இருக்கிறது, சுருளி அருவியின் ஈரம் இருக்கிறது. மருந்து இல்லை. வியாபாரி இல்லை. வெடித்த பழத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் இல்லை. ஆறு வயதுவரை பார்த்ததையும் பிறகு விடுமுறைகளில் பார்த்ததையும் வைத்துக்கொண்டு, இருந்தவன் கொடுத்த விலையை மறைத்துவிட்டு, வாசனையை மட்டும் என் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்ப விவசாயி மட்டுந்தான் வயலைப் பத்தி எழுதணுமா? ஊரைவிட்டு வந்தவனுக்கு ஞாபகமே கூடாதா? யாழ்ப்பாணத்தைவிட்டு வந்தவன் பாரிஸ்ல இருந்து எழுதறானே, அது பொய்யா?" என்றார்.

நியாயமான கேள்வி. 1983க்குப் பிறகு துரத்தப்பட்டு வெளியேறியவன் தன் ஊரைப் பற்றி எழுதும்போது, இழப்பே அவன் கொடுத்த விலையாகிறது. அவனுடைய எழுத்தில் ஊரும் இருக்கிறது, அதைவிட்டு வந்த வழியும் இருக்கிறது. நான் துரத்தப்படவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டேன். விற்றதில் தப்பில்லை. ஆனால் விற்றவனுடைய ஞாபகம் வேறுவகை. அது தன் கணக்கையும் சேர்த்துச் சொன்னாலொழிய நேர்மையாகாது. யார் எழுதலாம், யார் எழுதக்கூடாது என்று நான் சட்டம் போடவில்லை. விவசாயி எழுதினாலும் வெறும் வாசனையை எழுதிவிட முடியும். பிரதியில் விலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. என் பிரதியில் இல்லை. இதை நான் ஒழுக்கப் பிரச்னையாக மட்டும் சொல்லவில்லை. அந்தக் கவிதைகள் கவிதைகளாகவே பலவீனமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். மறுக்கும் எதுவும் அவற்றில் இல்லை. கேட்டதையெல்லாம் கொடுத்துவிடும் ஒரு பள்ளத்தாக்கு அவற்றில் இருக்கிறது. அப்படி ஒரு பள்ளத்தாக்கு கம்பத்திலும் இல்லை, லுவாரிலும் இல்லை.

நண்பர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அம்பத்தூர்ல என்ன இருக்கு எழுத?" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. 36 வருஷம் இந்தப் பேட்டையில் டூல்ரூமில் நின்றிருக்கிறேன். ஒரு வரிகூட இதைப்பற்றி எழுதியதில்லை. இங்கே மண் கிடையாது, எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள் என்ற எண்ணம். மண்வாசனை பிறந்த ஊரில்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். ஆனால் கொடியும் வந்ததுதான், ஆறும் திருப்பியதுதான், ஒயினின் வேரே ஒட்டுதான் என்றால், வந்தவர்களின் ஊருக்கு மட்டும் ஏன் ருசி கிடையாது? என் இடது கட்டைவிரலில் லேத்தின் இரும்புச் சுருள் கிழித்த தழும்பு இருக்கிறது. கட்டிங் ஆயில் வாசனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் சட்டையைவிட்டுப் போனதில்லை. இந்த ஊர் எனக்கு மறுத்தவை உண்டு. அதற்குத் தக்கபடி நான் மாற்றிக்கொண்டவையும் உண்டு. நான் விலை கொடுத்த இடம் இதுதான்.

அப்பா கிணற்றடியில் செய்தது என்ன என்று இப்போது யோசிக்கிறேன். ஊர் ஞாபகத்தில்தான் அதை நட்டார் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். கவிதையிலும் அப்படித்தான் எழுதினேன். எப்படி வருதுன்னு பாக்கறேன் என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. அவர் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அம்பத்தூர் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது முடியாது என்றது. பதினெட்டு வருஷம் அந்தப் பதிலைக் கேட்டபடியே கவாத்துப் பண்ணினார்.

அடுத்த இதழுக்கென்று ஆசிரியரிடம் கொடுத்திருந்த மூன்று கம்பம் கவிதைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவற்றுக்கு ஒதுக்கியிருந்த பக்கங்களில்தான் இந்தக் கட்டுரை வருகிறது.